நன்னியின் டிரங்குப் பெட்டி

திருவாரூரில் மன்னார்குடி பஸ் ஏறினால் வழியில் வருகிறது கூத்தாநல்லூர். வெண்ணாற்றுப் பாசனத்தில் விளைந்து கிடக்கும் வயல்கள், வாய்க்காலோரம் தென்னைகள், மதகில் உட்கார்ந்து வம்பு பேசும் கிழவர்கள் என்று தஞ்சைச் சீமையின் எல்லா லட்சணங்களும் பொருந்திய பாதை. ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் காட்சி மாறி விடுகிறது. மாடி மேல் மாடியாக வீடுகள், வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள், பள்ளிவாசல் மினாராக்கள். ‘சின்னச் சிங்கப்பூர்’ என்று இந்த ஊருக்குச் செல்லப் பெயர் உண்டு. மலேயா, சிங்கப்பூர், பர்மா, சைகோன் என்று கடல் கடந்து போய்ச் சம்பாதித்த வர்த்தகர்களின் ஊர் அல்லவா?

அந்த வர்த்தகர்களைப் பற்றி எழுத நான் போகவில்லை. அவர்கள் கப்பல் ஏறிய பிறகு, இந்தப் பெரிய வீடுகளின் உள்கட்டில் தனியாக நின்று குடும்பத்தைத் தாங்கிய பெண்மணிகளில் ஒருவரைப் பற்றி அறியப் போனேன். நம் வாசகி ஒருவர் கடிதம் எழுதி அழைத்திருந்தார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். “எங்கள் நன்னியின் பெட்டியைப் பார்க்க வாருங்கள். ஆனால் பெயர் மட்டும் போட வேண்டாம். தன் பெயர் வெளியே வருவது நன்னிக்குப் பிடிக்காது” என்று எழுதியிருந்தார். இந்தப் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் பாட்டிக்கு நன்னி என்று பெயர். அத்தாவின் தாயானாலும் அம்மாவின் தாயானாலும் நன்னிதான்.

“வாங்கம்மா, வெயிலில் வந்திருக்கிறீர்கள்” என்று வரவேற்று, முதலில் ஒரு தட்டு தம்ரூட்டையும் தேநீரையும் வைத்தார். பிறகுதான் பெட்டி வந்தது. பச்சை வர்ணம் உதிர்ந்த பழைய டிரங்குப் பெட்டி. திறந்ததும் கற்பூர வாசனை. உள்ளே ஒரு தொழுகை விரிப்பு, தஸ்பீஹ் மணி, வெள்ளைத் துப்பட்டி ஒன்று. அடியில் பட்டுத் துணியில் சுற்றிய ஒரு காகிதக் கட்டு.

“நன்னி 1996-ல் மௌத்தானார்கள். அதற்கப்புறம் இந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தோம். எல்லாம் அரபு எழுத்து. ஓதுகிற ஏடு என்று நினைத்து, கண்ணில் ஒற்றிக் கொண்டு, திரும்பவும் சுற்றி வைத்து விட்டோம். பல வருஷம் அப்படியே இருந்தது” என்றார் பேத்தி.

பிறகு ஒரு வருஷம், நன்னியின் நினைவு நாளில் யாஸீன் ஓத வந்த வயதான ஹஜ்ரத் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார். இரண்டு வரி படித்ததுமே சிரித்து விட்டாராம். “இது துஆ இல்லை, அம்மா. தமிழ்! குறுவை நெல் எத்தனை கலம் கண்டது என்று கணக்கு எழுதியிருக்கிறது!”

அரபு எழுத்தில் தமிழ்

அரபு எழுத்தில் தமிழா என்று நேயர்கள் வியக்கக்கூடும். அரபுத் தமிழ் என்று ஒன்று உண்டு. அர்வி என்றும் சொல்வார்கள். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்காக, இருக்கிற எழுத்துக்களிலேயே புள்ளிகளைக் கூட்டியும் குறிகளை இட்டும் புது எழுத்துக்களை உண்டாக்கிக் கொண்டார்கள். தமிழ் நாட்டிலும் இலங்கையிலும் முஸ்லிம் வீடுகளில் பல தலைமுறைகளாக இது வழங்கி வந்தது.

இதனால் பெரிதும் பயன் பெற்றவர்கள் பெண்கள்தாம். அந்தக் காலத்தில் பெண் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது அபூர்வம். ஆனால் குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுப்பது கட்டாயம். பக்கத்து வீட்டில் ஓதிக் கொடுக்கும் ஒரு பெரியம்மாவிடம் ஏழெட்டு வயதுக்குள் அரபு எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கப் பழகி விடுவார்கள். அந்த எழுத்திலேயே தமிழையும் எழுதிக் காட்டினால் போதும், அவர்களுக்கு வாசிப்பின் கதவு திறந்து விடும்.

இதை நன்கு உணர்ந்தவர் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816 - 1898). தொழுகை, நோன்பு முதலிய மார்க்கச் சட்டங்களை விளக்கும் ‘மகானீ’ என்ற நூலை அவர் அரபுத் தமிழில் இயற்றினார். அதே கீழக்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த சையிது ஆசியா உம்மா, இறைக் காதல் ததும்பும் ஞானப் பாடல்களைப் பாடி வைத்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண் என்றால் எழுத்தறிவில்லாதவள் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். எவ்வளவு பெரிய தவறு!

ஆனால் காலம் மாறியது. தமிழ் எழுத்தில் புத்தகங்களும் பத்திரிகைகளும் பெருகின. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலிலே வாழ்ந்த பா. தாவூத்ஷா (1885 - 1969) ‘தாருல் இஸ்லாம்’ என்ற பத்திரிகையை நடத்தி, முஸ்லிம்களிடையே தமிழ்ப் படிப்பை வளர்த்தார். ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் முழுமையான தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்பு 1949-ல் வெளிவந்தது. பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்கள். எல்லாம் நல்ல மாறுதல்களே. ஆனால் அதோடு கூட, பாட்டி எழுதியதைப் பேத்தி படிக்க முடியாத நிலையும் வந்து சேர்ந்தது.

நாகூரில் ஒரு பேகம்

கூத்தாநல்லூர் நன்னியின் கதையைத் தொடரு முன், அதே தஞ்சைக் கடற்கரையில், ஏறக்குறைய அவர் வயதினரான இன்னொரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை நாம் தாராளமாகச் சொல்லலாம். அச்சில் ஏறி, வரலாற்றிலும் ஏறி விட்ட பெயர் அது.

நாகூரில் 1917-ல் பிறந்தவர் சித்தி ஜுனைதா பேகம். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. சிறு வயதிலேயே கலியாணம். இளம் பருவத்திலேயே கணவர் இறந்து போனார். கையில் பெண் குழந்தைகள். அந்த நாளில் இப்படி ஒரு நிலை வந்தால் பெண்ணின் வாழ்வு அடுப்படி மூலையில் முடிந்து போவதே வழக்கம்.

ஜுனைதா பேகம் அந்த மூலையில் உட்கார்ந்து புத்தகம் படித்தார். யாரும் பாடம் சொல்லித் தராமல், தானாகவே தமிழ் நூல்களைப் படித்துப் படித்து மொழியை வசப்படுத்திக் கொண்டார். குழந்தைகளை வளர்த்துக் கொண்டே எழுதினார். முஸ்லிம் பெண் ஒருத்தியின் பெயர் அச்சில் வருவதே அபூர்வமாயிருந்த காலத்தில், 1938-ல், ‘காதலா? கடமையா?’ என்ற அவருடைய நாவல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று!

அந்தப் புத்தகத்துக்குப் பாராட்டுரை வழங்கியவர் யார் தெரியுமா? மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். 1855-ல் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த அந்தத் தஞ்சாவூர்க்காரருக்கு அப்பொழுது எண்பது வயதுக்கு மேல் ஆகி விட்டது. சங்க நூல்களைச் செல்லரித்த ஏடுகளிலிருந்து மீட்ட அந்த முதியவர், நாகூரில் கோஷாவுக்குள் இருந்த ஓர் இளம் விதவையின் கதைப் புத்தகத்தைப் படித்து மெச்சினார் என்பதை நினைக்கையில் நெஞ்சு குளிர்கிறது.

தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். பேகம் கதையோடு நிற்கவில்லை. இஸ்லாம் பெண்களுக்கு அளித்துள்ள உரிமைகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். மார்க்கப் பெரியார்களின் வரலாற்றை எழுதினார். அவருக்குத் தொழுகையும் பேனாவும் ஒன்றுக்கொன்று விரோதமாயிருக்கவில்லை. தாயாகவும் பாட்டியாகவும் நீண்ட காலம் வாழ்ந்து, 1998-ல் காலமானார்.

ஜுனைதா பேகத்தின் எழுத்து அச்சாயிற்று. ஆகவே நமக்குத் தெரிகிறது. கூத்தாநல்லூர் நன்னியின் எழுத்து பெட்டிக்குள் கிடந்தது. இப்போது அந்தப் பெட்டிக்குத் திரும்புவோம்.

சபர் போன வீடு

வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவதை இங்கே ‘சபர்’ என்பார்கள், போகிறவர் ‘சபராளி’. நன்னிக்குப் பதினான்கு வயதில் கலியாணம். கணவர் மலேயாவில் ஈப்போ நகரத்தில் கடை வைத்திருந்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் மூன்று நான்கு வருஷம் கழித்துத்தான் திரும்புவார். ஆறு மாதம் வீட்டில் இருப்பார். மறுபடியும் சபர். 1926-ல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ கப்பலின் பெயரை இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் பெயரைப் போலச் சொல்கிறார்கள். எத்தனை கலியாணம், எத்தனை பிரிவு, எத்தனை சாமான் பெட்டிகள் அந்தக் கப்பலில்!

கணவர் இல்லாத வருஷங்களில் நிலம், குத்தகை, மாமியார், குழந்தைகள் எல்லாம் நன்னியின் பொறுப்பு. விடியற்காலைப் பாங்குக்கு முன் எழுந்திருப்பார். தொழுது, ஓதி, பிறகுதான் அடுப்பு மூட்டுவார். கதவுக்குப் பின்னால் நின்று கொண்டே நெல் அளப்பவரிடம் கணக்குக் கேட்பார். ஒரு மரக்கால் குறைந்தாலும் அவர் காது கண்டுபிடித்து விடுமாம்.

1941 டிஸம்பரில் ஜப்பான் யுத்தம் மலேயாவைப் பற்றிக் கொண்டது. அந்த மாதமே பினாங்கில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்றிலிருந்து கடிதம் இல்லை, பணம் இல்லை, உயிரோடு இருக்கிறார் என்ற தகவல் கூட இல்லை. கூத்தாநல்லூர், பொதக்குடி, அத்திக்கடை என்று இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் இதே நிலை. பர்மா அரிசி வரவும் நின்று போயிற்று. நெல் விளையும் ஊரிலேயே தட்டுப்பாடும் ரேஷனும் வந்தன.

நன்னிக்கு அப்போது வயது இருபத்தைந்து இருக்கலாம். இரண்டு பையன்கள், ஒரு பெண். தபால்காரர் வருவது நின்ற பிறகும் நன்னி வெள்ளிக்கிழமை தோறும் கணவருக்குக் கடிதம் எழுதினார். தபாலில் சேர்க்க முடியாத கடிதங்கள். எழுதி, மடித்து, இந்தப் பெட்டியில் வைத்தார். அவற்றைத்தான் குடும்பத்தார் இத்தனை காலமும் ஓதும் ஏடென்று கண்ணில் ஒற்றிக் கொண்டிருந்தார்கள்!

நான்கு வளையல்கள்

ஹஜ்ரத் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். பேத்தி தமிழ் எழுத்தில் எழுதிக் கொண்டார். அந்த நோட்டுப் புத்தகத்தை என்னிடம் காட்டினார்.

நான் கண்ணீர்க் கடிதங்களை எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. சம்பா நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை; கொல்லைத் தென்னையில் காய் குறைவு; சின்னவனுக்கு அம்மை வார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று; மாமிக்கு முழங்கால் வலி; இந்த நோன்பில் குர்ஆனை இரண்டு தடவை முடித்தேன். இப்படியே போகின்றன. எதிரில் உட்கார்ந்திருக்கும் கணவரிடம் சொல்வது போல் எழுதியிருக்கிறார். அவர் உயிரோடிருக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே எழுந்ததாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி. அதில் வளையல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சீராக வந்தவை, நான்கு வளையல்கள், எட்டுப் பவுன். முதல் வளையல் சாப்பாட்டுக்குப் போயிற்று. இரண்டாவது பெரிய பையனின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும். மூன்றாவது வயலில் வேலை செய்தவர்களின் கூலிக்கு. நான்காவது? அண்டை வீட்டில் இன்னொரு சபராளியின் மனைவி, பிரசவத்துக்கு நாள் நெருங்கிய நிலையில், கையில் காசில்லாமல் தவித்திருக்கிறாள். அவளுக்காக.

அதற்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறார்: “வளையல் எங்கே என்று மாமி கேட்டார்கள். பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி விட்டேன். அது பொய். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். பெட்டியில் இருப்பது இந்தக் காகிதம்தான்.”

அலி சகோதரர்களின் தாயார் பீ அம்மாளை நம் வாசகிகளில் சிலர் அறிந்திருக்கலாம். இளம் வயதில் கணவரை இழந்து, நகைகளை அடகு வைத்துப் பிள்ளைகளை ஆங்கிலப் படிப்புப் படிக்க வைத்தவர் அவர். கிலாபத் இயக்க நாட்களில் தேசமே அவரைத் தாயென்று போற்றியது. 1924-ல் அவர் மறைந்த போது நாடு துக்கித்தது. கூத்தாநல்லூரில் நான்கு வளையல்கள் போன செய்தியோ ஒரே வீட்டில் இருந்த மாமியாருக்குக் கூடத் தெரியவில்லை!

வாழை மர நோட்டு

1945 செப்டம்பரில் ஜப்பானியர் சரணடைந்தார்கள். மறு வருஷம் நன்னியின் கணவர் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார். மெலிந்து, தாடி நரைத்து, அடையாளமே தெரியவில்லையாம். ஒரு தகர டப்பா நிறைய டாலர் நோட்டுக்கள் கொண்டு வந்தார். ஜப்பானியர் அச்சிட்ட, வாழை மரப் படம் போட்ட நோட்டுக்கள். யுத்தம் முடிந்ததும் அவை வெறும் காகிதமாகி விட்டன. மூன்றரை வருஷ உழைப்பு! பிள்ளைகள் அந்த நோட்டுக்களை வைத்துக் கடை விளையாட்டு விளையாடினார்கள்.

நன்னி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். “நோட்டுப் போனால் போகட்டும், ஆள் வந்து விட்டது” என்று இரண்டு ரக்அத் அதிகமாகத் தொழுதாராம்.

“இந்தக் கடிதங்களை நன்னா படித்தார்களா?” என்று கேட்டேன்.

பேத்தி பதில் சொல்லாமல் அந்த வளையல் கடிதத்தை எடுத்து என் முன் வைத்தார். நன்னியின் எழுத்துக்குக் கீழே, வேறு மையில், வேறு கையெழுத்தில், சின்னதாக ஒரு வரி. அதுவும் அரபுத் தமிழ்தான். நன்னா வியாபாரி அல்லவா? பேரேட்டில் பற்று வரவு எழுதுவது போலவே எழுதியிருக்கிறார்.

“வளையல் 4. பவுன் 8. செய்து கொடுத்தது. 1951.”

வேறு ஒரு சொல் இல்லை. ஐந்து வருஷம் திரும்பவும் சபர் போய், ஒன்றுமில்லாமையிலிருந்து கடையைத் தூக்கி நிறுத்தி, அந்தக் கடனை அடைத்திருக்கிறார். மனைவி கேட்கவில்லை, அவரும் சொல்லிக் காட்டவில்லை. படித்தார், கணக்கை நேர் செய்தார், காகிதத்தை இருந்த இடத்தில் வைத்தார்.

பேத்தி தன் கையை நீட்டினார். மெல்லிய, பழைய மோஸ்தர் தங்க வளையல் ஒன்று. “என் கல்யாணத்துக்கு நன்னி போட்டது. நாங்கள் நாலு பேத்திகள். ஆளுக்கொன்று. ‘இதைக் கழற்றும்படி வந்தால் வெட்கப்படாதே, ஆனால் படிப்பை நிறுத்தாதே’ என்று சொன்னார்கள். எதற்காக அப்படிச் சொன்னார்கள் என்று இத்தனை வயதுக்கு மேல்தான் புரிந்தது. நான் டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று அத்தாவிடம் வாதாடியதும் நன்னிதான்.”

1972-ல் நன்னி பம்பாய் போய்க் கப்பல் ஏறி ஹஜ் செய்து வந்தார். கடனில்லாதவர்களே அந்தப் பயணம் புறப்பட வேண்டும் என்பது மார்க்க நெறி. புறப்படுமுன் தெரு முழுவதும் வீடு வீடாகச் சென்று, “தெரிந்தோ தெரியாமலோ மனம் நோகும்படி ஏதாவது சொல்லியிருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்” என்று கேட்டுக் கொண்டாராம். மாமியார் அப்போது இல்லை. அவருடைய கப்ரு இருந்த பக்கம் நோக்கி நெடுநேரம் கையேந்தி நின்றாராம். எதற்காக என்று அன்று யாருக்கும் விளங்கவில்லை. அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு விளங்குகிறது.

வாசகிகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஹஜ்ரத் இப்போது இல்லை. அவரைப் போல அரபுத் தமிழைத் தடங்கலின்றிப் படிக்கக் கூடியவர்கள் குறைந்து கொண்டே வருகிறார்கள். “நல்ல வேளையாக அவர் இருந்த போது படித்து விட்டோம். ஐந்து வருஷம் தாமதித்திருந்தால் நன்னி நெல் கணக்கு எழுதிய காகிதத்துக்கு நாங்கள் இன்னும் முத்தம் கொடுத்துக் கொண்டிருப்போம்” என்று பேத்தி சிரித்தார். சிரிக்கும் போதே கண் நிறைந்து விட்டது.

நம் வீடுகளிலும் இப்படிப் பெட்டிகள் இருக்கின்றன. எழுத்து அரபுத் தமிழாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கிரந்தமாக இருக்கலாம், மோடியாக இருக்கலாம், பால் கணக்கு எழுதிய பழைய டைரியாக இருக்கலாம். பாட்டி என்றால் பூஜை அறை, தொழுகை விரிப்பு, ஜெப மாலை என்று பக்தியை மட்டும் நினைவில் வைத்துக் கொள்கிறோம். அந்தப் பக்தி எந்தெந்த நாளில், எந்தெந்தக் கஷ்டத்தில் அவரைத் தாங்கி நின்றது என்று கேட்பதில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும் போதே ஒரு தரம் பிரித்துப் பாருங்கள்.

நான் புறப்படும் நேரம். அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. பேத்தி கடிதங்களைப் பழையபடி பட்டுத் துணியில் சுற்றினார். பெட்டியில் வைக்குமுன் வழக்கம் போலக் கண்ணில் ஒற்றிக் கொண்டார்.

“இப்பொழுதுதான் இது ஓதுகிற ஏடு இல்லை என்று தெரிந்து விட்டதே?” என்றேன்.

“தெரிந்தால் என்னம்மா?” என்றார் அவர். பெட்டியை மூடி விட்டுத் தொழுகைக்கு எழுந்து போனார்.